நாற்பல் மீனின் நஞ்சு

2018 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், கடலோரத்தில் அமைந்த கமகோரி என்னும் சிறு நகரம். நிலநடுக்கம், ஆழிப்பேரலை போன்ற பேரிடர்க் காலங்களில் மக்களை எச்சரிப்பதற்காக நகரெங்கும் நிறுவப்பட்டிருந்த ஒலிபெருக்கிகள் திடீரென முழங்கின. நிலம் நடுங்கவில்லை, கடலும் பொங்கவில்லை. பேரங்காடி ஒன்றில் விற்பனையான ஐந்து மீன் பொட்டலங்களை வாங்கியவர்கள் அவற்றை உண்ண வேண்டாம் என்பதே அறிவிப்பு. ஃபுகு மீனின் சதையோடு ஈரலும் சேர்ந்து விற்கப்பட்டுவிட்டது. மூன்று பொட்டலங்கள் எங்கே என்பது விரைவில் தெரிந்தது. மற்ற இரண்டும் யார் வீட்டுச் சமையலறையில் இருக்கின்றன என்பது தெரியாமல் நகராட்சி தவித்தது.

ஒரு சிறு துண்டு ஈரலுக்காக ஒரு நகரையே விழிப்படையச் செய்த அந்த மீன் நமக்கும் அந்நியமானதன்று. தமிழகக் கடற்கரையில் அதைப் பேத்தை என்பார்கள். பகை நெருங்கினால் நீரை விழுங்கிப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன் அது. மேல் தாடையில் இரண்டு, கீழ்த் தாடையில் இரண்டு என நான்கு பற்கள் ஒன்றோடொன்று இணைந்து, கிளியின் அலகைப்போல் உறுதியாக அமைந்திருக்கும். வலையையும் தூண்டில் கயிற்றையும் கடித்துத் துண்டாக்கும் வலிமை அப்பற்களுக்கு உண்டு. கிரேக்க மொழியில் ‘நான்கு பல்’ என்னும் பொருள்படும் டெட்ரோடான் என்ற சொல்லால் அறிவியலார் அதன் குடும்பத்தைக் குறித்தனர். அதன் உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நஞ்சுக்கும் அதே அடிப்படையில் டெட்ரோடோடாக்சின் என்று பெயர் அமைந்தது.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உயிரைப் போக்க இந்நஞ்சு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் போதும் என மதிப்பிடுகின்றனர். ஓர் அரிசி மணியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அதற்கு நிறமில்லை. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அழிவதில்லை. எந்தச் சமையல் திறமையும் அதன்முன் செல்லாது.

கப்பல் தலைவரின் இரவு

இந்நஞ்சு மனித உடலில் என்ன செய்யும் என்பதை ஐரோப்பியர் தம் எழுத்தில் தெளிவாகப் பதிவு செய்த தொடக்கக்காலக் குறிப்புகளுள் ஒன்று, கடலோடி ஜேம்ஸ் குக்கின் பயணக் குறிப்பாகும். 1774 செப்டம்பர் 7. ‘ரெசல்யூஷன்’ கப்பல் பசிபிக் கடலில், இன்று நியூ கலிடோனியா எனப்படும் தீவை அடைந்திருந்தது. கப்பலின் எழுத்தர் அத்தீவினர் ஒருவரிடம் ஒரு மீனை வாங்கி வந்தார். அதுவரை அவர்கள் கண்டிராத வகை. கப்பலில் இயற்கை ஆய்வாளர்களான ஃபோர்ஸ்டர் தந்தையும் மகனும் இருந்தனர். மீனை வரைந்து, அதன் இயல்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். அந்தப் பணி நீண்டுவிட்டதால் முழு மீனையும் சமைக்க நேரமில்லாமற் போயிற்று. அன்றிரவு ஈரலும் சினைமுட்டையும் மட்டுமே சமைக்கப்பட்டன. மீனிலேயே மிகக் கொடிய பகுதிகள் அவை என்பதை அவர்கள் அறியார்.

நல்ல வேளையாக மூவரும் சிறிதளவே சுவைத்தனர். விடியற்காலை மூன்று, நான்கு மணியளவில் உடல் முழுதும் இனம்புரியாத தளர்ச்சி பரவியது. உறைபனியில் விறைத்த கைகால்களை நெருப்பருகே காட்டினால் ஏற்படும் மதமதப்பு உண்டாயிற்று. தொடுவுணர்வு ஏறக்குறைய அற்றுப்போனது. தண்ணீர் நிறைந்த ஒரு குவளையும் ஒரு பறவை இறகும் கைக்கு ஒரே எடையாகத் தோன்றின என்று குக் எழுதுகிறார். வாந்தி மருந்து உட்கொண்டு அவர்கள் பிழைத்தனர். மீனின் குடலைத் தின்ற பன்றி ஒன்று காலையில் செத்துக் கிடந்தது.

குக்கின் குறிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. மறுநாள் கப்பலுக்கு வந்த தீவினர், தொங்கவிடப்பட்டிருந்த மீனைக் கண்டதும் அதை உண்ணவே கூடாது என்று அருவருப்போடு சைகை காட்டினார்களாம். ஆனால் மீன் விற்கப்பட்டபோதோ, வாங்கிய பின்னரோ எவரும் அப்படி ஒரு சைகை காட்டவில்லை. விற்பவர் சொல்லாமல் விட்டதை வாங்குபவர் கேட்காமல் விட்டதன் விலை அந்த இரவு. பொருள் வாங்கும் எல்லோருக்கும் பழக்கமான கதைதான்.

நரம்பின் வாயிலில்

நாம் விரலை அசைக்க நினைத்த கணத்தில் விரல் அசைகிறது. மூளையிலிருந்து புறப்படும் ஆணை நரம்பின் வழியே மின்துடிப்பாக ஓடிவருவதால் இது நிகழ்கிறது. இந்த மின்துடிப்பு கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று. நரம்பிழையின் மேலுறையில் நுண்ணிய வாயில்கள் எண்ணற்றவை உள்ளன. துடிப்பு வந்து சேரும்போது அவை திறக்கின்றன. வெளியே இருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அப்பாய்ச்சல் அடுத்த வாயிலைத் திறக்கிறது. இப்படி வாயிலுக்கு வாயில் கைமாறிக்கொண்டே செய்தி செல்கிறது. நாம் உண்ணும் சாதாரண உப்பில் இருக்கும் அதே சோடியம்தான்.

டெட்ரோடோடாக்சின் மூலக்கூறு இந்தச் சோடியம் வாயிலின் வெளிமுகப்பில் வந்து அமர்ந்துகொள்கிறது. அதன் ஒரு முனையில் உள்ள குவானிடின் என்னும் பகுதி நேர்மின் ஏற்றம் கொண்டது. சோடியத்தை வரவேற்கும் பாதை அதையும் இழுத்துக்கொள்கிறது. ஆனால் மூலக்கூறின் எஞ்சிய உடல் பருமனானது. உள்ளே நுழைய முடியாது. புட்டியின் வாயில் தக்கையைச் செருகியதுபோல் வழி அடைபடுகிறது. நஞ்சு எதையும் அரிப்பதில்லை, கிழிப்பதில்லை, எரிப்பதில்லை. வழியை மறித்து நிற்பது ஒன்றே அதன் வேலை.

அதன் விளைவுகள் ஒழுங்கான வரிசையில் வருகின்றன. உண்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு முகம், விரல் நுனிகள். தலைசுற்றல், வாந்தி உண்டாகலாம். பேச்சு குழறும். நடை தள்ளாடும். கைகால்கள் ஓய்ந்துவிடும். இறுதியில் மூச்சை இழுத்துவிடும் தசைகள் நிற்கும். உயிர் போவது பெரும்பாலும் மூச்சு நின்றுபோவதாலேயே. இதயத் தசையில் உள்ள சோடியம் வாயில்கள் சற்றே வேறான அமைப்புடையவை. இந்நஞ்சுக்கு அவ்வளவு எளிதில் அடைபடுவதில்லை. அதனால் மூச்சு ஓய்ந்த பின்னும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும்.

இந்நஞ்சின் தன்மைகளில் மிகக் கொடியது எது என்று கேட்டால், அது மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை என்பதையே நான் சொல்வேன். உடல் முழுவதும் செயலற்றுக் கிடக்கும் நிலையிலும் நோயாளியின் நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அருகில் நிற்பவர்கள் பேசுவது காதில் விழும். கண்ணிமையை அசைத்து விடை சொல்லவும் அவரால் இயலாது.

நால்வர் தேடிய ஒன்று

இந்த நஞ்சைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் ஜப்பானிய அறிவியலாளர் யோஷிசுமி தஹாரா. பேத்தை மீனின் சினைப்பையிலிருந்து தாம் பெற்ற பொருளைப் பற்றிய அறிக்கையை அவர் 1909 இல் வெளியிட்டார். அவர் பெற்றது முழுத் தூய்மையானதன்று. தூய படிகமாக அது கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

இதற்கிடையே பசிபிக்கின் மறுகரையில், மீனோடு தொடர்பே இல்லாத ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விக்டர் ட்விட்டி என்னும் கருவியல் ஆய்வாளர் 1930களில் ஒட்டுச் சோதனைகள் செய்துவந்தார். நியூட் என்னும், பல்லியைப் போன்ற நீர்நில வாழ் உயிரியின் கருவிலிருந்து சிறு திசுவை எடுத்து, வேறு இனச் சாலமாண்டரின் கருவில் ஒட்டுவார். ஒட்டு ஏற்ற இளவுயிர்கள் செயலற்று முடங்கின. நியூட்டின் கருவில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பது புரிந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஹாரி மோஷர் பின்னாளில் குழுவினருடன் அதைப் பிரித்தெடுத்தார். டாரிக்கா என்பது அந்த உயிரியின் பேரினப் பெயராதலால் அதற்கு டாரிக்காடாக்சின் என்று பெயரிட்டனர்.

1964 இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் இயற்கைப் பொருள் வேதியியல் பற்றிய பன்னாட்டு மாநாடு கூடியது. பேத்தை நஞ்சின் மூலக்கூறு அமைப்பைத் தாங்கள் கண்டறிந்துவிட்டதாக டோக்கியோவைச் சேர்ந்த சுடாவின் குழுவும், நகோயாவைச் சேர்ந்த ஹிராத்தா, கோட்டோ ஆகியோரின் குழுவும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உட்வார்டின் குழுவும் அங்கே அறிவித்தன. மூன்றும் ஒரே விடை. நான்காவதாக மோஷர் வந்தார். நியூட்டின் நஞ்சும் மீனின் நஞ்சும் ஒன்றே என்றார். பதினொரு கரி அணுக்கள், பதினேழு ஹைட்ரஜன், மூன்று நைட்ரஜன், எட்டு ஆக்சிஜன். எண்ணிக்கையில் சிறிய மூலக்கூறுதான்; ஆனால் கூண்டுபோல் பின்னிக்கிடக்கும் அதன் கட்டமைப்பு வேதியியலாளர்களைப் பெரிதும் சோதித்தது. ஆய்வகத்தில் அதை முழுமையாகக் கட்டி உருவாக்கும் முதல் வெற்றி 1972 இல் யோஷிதோ கிஷிக்குக் கிட்டியது.

அதே 1964 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வே, என் மதிப்பீட்டில், இவை அனைத்தினும் பயன் மிக்கது. தோஷியோ நரஹாஷி என்னும் ஜப்பானியர் ஜப்பானிலிருந்து சிறிதளவு நஞ்சை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்று, ஜான் மூர் முதலியோருடன் சேர்ந்து சிங்கி இறாலின் பருத்த நரம்பிழையில் செலுத்திப் பார்த்தார். சோடியம் பாய்ச்சல் முற்றாக நின்றது. பொட்டாசியம் பாய்ச்சல் சிறிதும் மாறவில்லை. நரம்பு மேலுறையில் சோடியத்துக்குத் தனி வழியும் பொட்டாசியத்துக்குத் தனி வழியும் உண்டு என்ற கருத்துக்கு இது உறுதியான சான்றாயிற்று. ஒன்றை மட்டும் மூடி மற்றதை விட்டுவைக்கும் இத்தகைய நுண்கருவி அதுவரை நரம்பியலாரிடம் இருந்ததில்லை. இன்று உலகெங்கும் நரம்பு ஆய்வுக்கூடங்களில் இந்நஞ்சு அன்றாடம் பயன்படும் பொருள்.

நஞ்சு யாருடையது?

மீனிலும் நியூட்டிலும் ஒரே நஞ்சு இருப்பானேன் என்ற கேள்வி அத்துடன் பெரிதாயிற்று. தொடர்ந்து பட்டியல் நீண்டது. ஆஸ்திரேலியக் கரையோரங்களில் வாழும் நீல வளையப் பேய்க்கணவாய் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவினது. அதன் கடியால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதன் நஞ்சும் இதுவே என்று 1978 இல் தெளிவாயிற்று. கோஸ்டா ரிக்காவின் சிறு தவளைகள், சில நட்சத்திர மீன்கள், சில கடல் நத்தைகள், தட்டைப்புழுக்கள் என எங்கெங்கோ அது கிடைத்தது. வங்காளத்துச் சுந்தரவனம் முதல் தாய்லாந்துவரை சதுப்புக் காடுகளில் வாழும் ஒருவகைக் குதிரைலாட நண்டின் முட்டையை உண்டு தாய்லாந்தில் பலர் பாதிக்கப்பட்டதற்கும் இந்நஞ்சு காரணமாயிற்று. 2009 இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து அருகே கடற்கரையில் உலாவச் சென்ற நாய்கள் அடுத்தடுத்து மடிந்தபோது, கரையொதுங்கிய ஒருவகை ஓடற்ற கடல் நத்தையிலும் இதுவே கண்டறியப்பட்டது.

உறவுமுறையில் இவ்வளவு விலகிய உயிர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே இந்தச் சிக்கலான மூலக்கூறைக் கண்டுபிடித்திருக்கும் என்று நம்புவது கடினம். கடல்வாழ் உயிர்களைப் பொறுத்தவரை, அதை உண்டாக்குவன நுண்ணுயிர்களே என்ற முடிவுக்கு 1980கள் முதல் வந்த ஆய்வுகள் இட்டுச்சென்றன. விப்ரியோ முதலிய பாக்டீரியங்கள் அதை உருவாக்குகின்றன. அவை சிறு உயிர்களிடமும், சிறு உயிர்கள் பேத்தையின் வயிற்றிலும் சேர, நஞ்சு படிப்படியாகத் திரள்கிறது. இதற்கு வலுவான சான்று பண்ணைகளிலிருந்து கிடைத்தது. நஞ்சற்ற தீனி மட்டும் கொடுத்துக் கடலிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட பேத்தைகளில் நஞ்சு இல்லை. நியூட்டின் நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதில் மட்டும் அறிவியலாரிடையே வாதம் தொடர்கிறது.

அப்படியானால் பேத்தை ஏன் சாவதில்லை? அதன் சோடியம் வாயிலின் முகப்பில், புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி மாறியிருக்கிறது. தக்கை பொருந்துவதற்கான இடம் அங்கே இல்லை. சினைப்பையில் நஞ்சைச் சேர்த்துவைக்கும் தாய்மீன் தன் முட்டைகளுக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்புகிறது. பொரித்த குஞ்சை வாயில் கவ்விய மீன்கள் அதை உமிழ்ந்துவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் இதைவிட வியப்பான காட்சி உண்டு. அங்குள்ள நியூட்டுகளில் ஒன்றின் தோலில் பல மனிதரைக் கொல்லப் போதுமான நஞ்சு இருக்கும். சிறிய இரையுயிர் ஒன்றுக்கு இவ்வளவு நஞ்சு எதற்கு? எட்மண்ட் பிராடி என்னும் தந்தையும் அதே பெயருடைய மகனும் பல பத்தாண்டுகள் உழைத்து விடை கண்டனர். அதே பகுதியில் வாழும் கார்ட்டர் பாம்பு இந்த நியூட்டை உண்கிறது. பாம்பின் சோடியம் வாயில்களும் மாறியிருக்கின்றன. நஞ்சு கூடக் கூடப் பாம்பின் தாங்குதிறனும் கூடிற்று. தாங்குதிறன் கூடக் கூட நஞ்சும் ஏறிற்று. பாம்பு இதற்கு விலையும் கொடுக்கிறது: நஞ்சைத் தாங்கும் பாம்புகள் மற்றவற்றைவிட மெதுவாக ஊர்கின்றன. இந்தப் போட்டியில் நடுவே வந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1979 இல் ஒரேகானில் இளைஞர் ஒருவர் நண்பர்களோடு பந்தயம் கட்டி ஒரு நியூட்டை விழுங்கினார். அன்றைக்கே இறந்தார்.

சட்டமும் கத்தியும்

இவ்வளவு அறிந்தும் ஜப்பானியர் இம்மீனை உண்கிறார்கள். தட்டின் பூவேலை தெரியும் அளவுக்கு மெல்லிதாகச் சீவிய சதையை, செவ்வந்திப் பூவின் இதழ்களைப்போல் அடுக்கிப் பரிமாறுவது வழக்கம். ஒசாகா பகுதியில் அம்மீனுக்குத் ‘துப்பாக்கி’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. பட்டால் சாவுதான் என்பது அதன் உட்கருத்து.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், கொரியப் படையெடுப்புக்காகத் திரண்ட வீரர்கள் பலர் இதை உண்டு மாண்டதால், ஆட்சித் தலைவர் டொயோடோமி ஹிதேயோஷி ஃபுகு உண்பதைத் தடை செய்தார். தடை ஏதேனும் ஒரு வடிவில் முந்நூறு ஆண்டுகள் நீடித்தது. மக்கள் மறைவாக உண்டுகொண்டேதான் இருந்தனர். ஜப்பானின் முதல் தலைமை அமைச்சர் இதோ ஹிரோபுமி, ஷிமோனோசெகி நகரில் ஷுன்பன்ரோ என்னும் விடுதியில் ஃபுகுவைச் சுவைத்து மகிழ்ந்ததன் விளைவாக, 1888 இல் யமகுச்சி மாகாணத்தில் தடை நீங்கியது. சீன–ஜப்பானியப் போரை முடித்துவைத்த 1895 ஆம் ஆண்டு உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே விடுதியில்தான்.

தடையைவிட உரிமமே உயிரைக் காக்கும் என்பதை ஜப்பான் மெல்லக் கற்றுக்கொண்டது. ஃபுகுவைக் கையாள்பவர் பயிற்சி பெற்று, தேர்வில் தேறியிருக்க வேண்டும். வெட்டியெடுத்த உறுப்புகளை உண்ணத்தக்கவை, தகாதவை என்று குறித்த நேரத்துக்குள் பிழையின்றிப் பிரித்து வைத்துக் காட்ட வேண்டும். கழித்த உறுப்புகளைத் தெருக்குப்பையில் போட முடியாது. பூட்டிய கலத்தில் சேர்த்து முறைப்படி அழிக்க வேண்டும். ஷிமோனோசெகியின் ஹயதோமாரி சந்தையில் நடக்கும் ஏலமும் தனித்தன்மை உடையது. ஏலம் விடுபவர் கையைக் கருந்துணிப் பைக்குள் வைத்திருப்பார்; வாங்குபவர் தம் கையை உள்ளே விட்டு அவர் விரல்களைப் பற்றி விலையைக் குறிப்பார். அடுத்தவருக்குத் தொகை தெரியாது. நம்மூர் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் தரகர்களைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நற்பேறு என்னும் பொருள்படும் ‘ஃபுக்கு’ என்ற சொல்லை நினைவூட்டும்படி, அந்நகரத்தார் மீனின் பெயரையும் சற்றே மாற்றி ‘ஃபுக்கு’ என்றே உச்சரிக்கிறார்கள்.

விதிகள் தளர்ந்த இடத்தில் மரணம் நுழைந்ததுண்டு. 1975 ஜனவரியில், புகழ்பெற்ற கபுகி நாடகக் கலைஞர் எட்டாம் பண்டோ மிட்சுகோரோ கியோட்டோவில் ஃபுகு ஈரலை நான்கு பங்கு கேட்டு வாங்கி உண்டு இறந்தார். நாட்டின் உயரிய கலைச் சிறப்பைப் பெற்றவர் அவர். ஈரலை உணவகங்களில் பரிமாறுவது 1980களில் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. இருந்தும் தாமே தூண்டில் போட்டுப் பிடித்து, தாமே வீட்டில் அரிந்து உண்பவர்களால் இன்றும் விபத்துகள் நேர்கின்றன.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். இஷிகாவா மாகாணத்தில் நஞ்சு மிகுந்த ஃபுகு சினைப்பையையே உப்பிலும், பின்னர் அரிசித் தவிட்டிலும் ஊறவைத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உண்கிறார்கள். சோதனையில் தேறிய பிறகே அது விற்பனைக்கு வருகிறது. நம் ஊறுகாய்ப் பானைகளுக்கு இருக்கும் பொறுமை அங்கேயும் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் இதைச் செய்ய முடியாது. செய்து பார்க்கவும் கூடாது.

பசித்தவர் தட்டில்

செல்வர்கள் பெரும்பொருள் கொடுத்து உண்ணும் அதே மீனை, மலிவு என்பதற்காகவே வாங்கி உண்டு இறப்பவர்களும் உண்டு. 2008 இல் வங்கதேசத்தில் ஏப்ரல், ஜூன் மாதங்களில் மூன்று இடங்களில் கூட்டமாக நச்சேற்றம் நிகழ்ந்தது. டாக்கா, நர்சிங்டி, நாட்டோர் ஆகிய பகுதிகள் அவை. மருத்துவர்கள் பதிவு செய்த நோயாளிகள் 141 பேர். இறந்தவர்கள் 17 பேர். கடலோரத்து மீனவர் இம்மீனை அறிவர். கடலைவிட்டு விலகிய ஊர்களின் சந்தைக்கு அது வந்து சேரும்போது, கூடவே வர வேண்டிய எச்சரிக்கை வந்து சேர்வதில்லை. கமகோரி நகரில் இரண்டு பொட்டலங்களுக்காக ஒலிபெருக்கி முழங்கியதை இதன் அருகில் வைத்து எண்ணிப் பார்க்கிறேன்.

பெயர் மாறி வரும் ஆபத்தும் உண்டு. 2007 இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், வேறு மீன் என்று முகப்புச்சீட்டு ஒட்டி இறக்குமதியான பெட்டிகளில் பேத்தை இருந்து, அதை உண்டவர்கள் நோயுற்றனர். ஐரோப்பிய ஒன்றியம் இக்குடும்ப மீன்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதையே தடை செய்திருக்கிறது. ஆனால் மீனுக்குச் சட்டம் தெரியாது. சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்த வெள்ளிக்கன்னப் பேத்தை 2003 இல் துருக்கிக் கரையில் முதலில் பதிவாயிற்று. 2005க்கும் 2008க்கும் இடையே இஸ்ரேலில் 13 பேர் அதனால் நச்சேற்றத்துக்கு ஆளாயினர். அதைக் குறைப்பதற்காகத் துருக்கி அரசு, பிடித்து ஒப்படைக்கும் ஒவ்வொரு பேத்தை வாலுக்கும் பணம் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது.

அச்சுறுத்தும் அதே பொருளை மருத்துவம் வேறு கண்ணால் பார்க்கிறது. வலியும் நரம்பின் வழியே வரும் செய்திதான். புற்றுநோயாளிகளின் தீராத வலியைத் தணிக்க, மைக்ரோகிராம் அளவில் இந்நஞ்சைச் செலுத்திப் பார்க்கும் சோதனைகள் நடந்திருக்கின்றன. நெடுநேரம் நிலைக்கும் மரப்பு மருந்தாக, சிறுகச் சிறுகக் கசியும் வகையில் அதைப் பொதிந்து கொடுக்கும் முயற்சிகளும் தொடர்கின்றன. உயிர்காக்கும் அளவுக்கும் உயிர்போக்கும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு குறுகியது என்பதே இதில் பெரும் தடை.

கடற்கரை ஊர்களுக்குச் செல்பவர்களும், மீன் வாங்குபவர்களும் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. தலையும் தோலும் நீக்கிய பெயர் தெரியாத மீன்சதை வழக்கத்துக்கு மாறான மலிவு விலையில் கிடைத்தால், என்ன மீன் என்று கேட்டறியாமல் வாங்க வேண்டாம். ஈரலையும் குடலையும் நீக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் தவறு. இந்தியக் கடல்களில் கிடைக்கும் பேத்தை வகைகளுள் சிலவற்றின் சதையிலேயே நஞ்சு உண்டு. நஞ்சற்ற இனத்தையும் நஞ்சுள்ள இனத்தையும் பார்வையால் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

மீன் உணவுக்குப் பின் உதடும் நாக்கும் மரத்துப்போனால், அது தானாகச் சரியாகும் என்று வீட்டில் காத்திருக்கலாகாது. செயற்கை மூச்சுக் கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். உண்ட மீனின் மிச்சம் இருந்தால் எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும். அதே உணவை உண்ட மற்றவர்களையும், அறிகுறி இல்லாவிட்டாலும், அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் மூச்சுத் திணறினால், பயிற்சி உள்ளவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டிக்கொண்டே போகலாம். இந்நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் கருவியின் துணையால் மூச்சை மட்டும் நிறுத்தாமல் காத்துவந்தால், முதல் 24 மணி நேரத்தைக் கடந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். நஞ்சு சிறுநீரோடு கழிகிறது. தக்கைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. நரம்பில் வடு எதுவும் தங்குவதில்லை. அதுவரை படுக்கையருகே இருப்பவர்கள், நோயாளி அசைவற்றுக் கிடந்தாலும், அவருடைய காதில் எல்லாம் விழுகிறது என்பதை நினைவில் வைத்து, அவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும்.